அழுகைக்கும் இடமுண்டு: தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் துன்பத்தைப் பேசும் விதம்



சென்ற ஆண்டு என் படிவம் 5 மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பாடற்பகுதியைப் பயிற்சிக்காகக் கொடுத்தேன். தேம்பாவணியில் கருணையன் தன் தாயை அடக்கம் செய்துவிட்டுப் புலம்பும் பகுதி அது. பாடலைப் படித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லி, அணியையும் விளக்கிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டேன்: "இப்பாடல்கள் துன்பத்தைப் பற்றி உணர்த்தும் கருத்து யாது?" நான்கு புள்ளிக் கேள்வி.

வந்த விடைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. 'துன்பம் இறைவன் தரும் சோதனை. அதனைப் பொறுமையுடன் ஏற்றுக்கொள்ள வேண்டும்.' மொழி சுத்தமாக இருந்தது. நானும் மளமளவென்று மூன்று, நான்கு என்று புள்ளி போட்டுக்கொண்டே போனேன். ஒரு மாணவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: 'கருணையன் நல்லவன். ஆனாலும் அழுதான். அழாதேன்னு யாரும் அவன்கிட்ட சொல்லல.' பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறான், கருத்தும் முழுமையாக இல்லை என்று நினைத்து ஒரு புள்ளி மட்டும் கொடுத்தேன்.

அந்த மாணவனுக்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் தாயார் தவறியிருந்தார். எனக்கு அது தெரியும். தாளைத் திருத்தும்போது நினைவுக்கு வரவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவன் முகத்தைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. வீட்டுக்குப் போய்ப் பாடலை மறுபடி எடுத்துப் படித்தேன். என் மாணவர்களில் பாடலைச் சரியாகப் படித்தவன் அவன் ஒருவன்தான் என்று அப்போது விளங்கியது. மற்றவர்கள் எழுதிய 'சோதனை', 'பொறுமை' என்ற இரண்டு சொல்லும் அந்தப் பகுதியின் கருத்தே இல்லை. அவற்றைப் பாடலுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். அப்படி ஒட்டப் பழக்கியது நான்தான்.

இந்தக் கட்டுரை அந்தத் தவற்றிலிருந்து பிறந்தது. தமிழின் இரண்டு கிறித்துவக் காப்பியங்கள் துன்பத்தை எப்படிக் காட்டுகின்றன, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் கிறித்துவப் புரிதல் என்ன, தேர்வு விடையில் அதை எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். சமயப் பிரசாரம் இதன் நோக்கம் அன்று. சிலப்பதிகாரத்தைப் படிக்கச் சமணத்தையும், திருவாசகத்தைப் படிக்கச் சைவத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

முதலில் நூல்களைப் பற்றி

தேம்பாவணியை இயற்றியவர் வீரமாமுனிவர் (1680-1747). இத்தாலியில் பிறந்த இவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. சதுரகராதி, தொன்னூல் விளக்கம், பரமார்த்த குரு கதை ஆகியவற்றால் நமக்கு நன்கு அறிமுகமானவர். தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரே, அதாவது வளனே, இதன் பாட்டுடைத் தலைவன். தேம்பா அணி என்று பிரித்தால் வாடாத மாலை. தேன் பா அணி என்று பிரித்தால் தேன் போன்ற பாக்களால் ஆன மாலை. 'தேம்பித் தேம்பி அழுதான்' என்று நாம் இன்றும் சொல்கிறோம். அந்தத் தேம்புதலும் இந்த வாடாத மாலைக்குள் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900). திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறித்துவரானவர். 'கிறித்துவக் கம்பர்' என்று போற்றப்படுபவர். ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய, 1678இல் வெளிவந்த பயணக் கதையைத் தழுவி இந்தப் பெரும் உருவகக் காப்பியத்தைப் படைத்தார். நற்போதகம் இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தேம்பாவணிப் பகுதி பத்தாம் வகுப்பிலும், இரட்சணிய யாத்திரிகப் பகுதி பன்னிரண்டாம் வகுப்பிலும் பொருளுரையோடு இடம்பெற்றுள்ளன. நம் ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்த அவை வசதியாக இருக்கும்.

கருணையன் ஏன் அழுகிறான்?

இயேசுவுக்கு முன்னோடியாக வந்தவர் திருமுழுக்கு யோவான். வீரமாமுனிவர் அவருக்குக் கருணையன் என்று பெயர் வைக்கிறார். கருணையன் தாய் எலிசபெத்துடன் காட்டில் வாழ்கிறான். அங்கே தாய் இறந்துவிடுகிறார். எலிசபெத்தின் மரணத்தை விவிலியம் சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யோவான் வளர்ந்து பாலைநிலத்தில் வாழ்ந்தார் என்பதோடு லூக்கா நிறுத்திக்கொள்கிறார். அந்த இடைவெளியில் காப்பியம் ஒரு மகனின் புலம்பலை வைக்கிறது. துன்பம் எல்லாம் சோதனை, பொறுத்துக்கொள் என்பதுதான் கவிஞர் சொல்ல வந்த செய்தி என்றால், மூலநூலில் இல்லாத ஓர் அழுகையை இவ்வளவு விரிவாகப் பாட வேண்டிய தேவை என்ன?

பாடல்களின் போக்கைப் பாருங்கள். கருணையன் கைகளைக் குவித்து, தாயின் உடலை அன்போடு காக்கும்படி நிலத்தை வேண்டுகிறான். குழியில் மலர்ப் படுக்கை பரப்புகிறான். உடலை மண்ணிட்டு மூடி, அதன்மேல் மலர்களையும் கண்ணீரையும் ஒன்றாகப் பொழிகிறான். பிறகு உவமைகள் வரிசையாக வருகின்றன. மழைத்துளி இல்லாமல் காய்ந்துபோகும் இளம்பயிர் அவன். கிளையிலிருந்து பறித்த மலராக அவன் மனம் வாடுகிறது. தீயும் நஞ்சும் தோய்ந்த அம்பு தைத்த புண்ணாகத் துயர் எரிக்கிறது. துணையைப் பிரிந்த பறவை அவன். வழுக்கும் சரிவில் தனியே விடப்பட்டு, போகும் வழி தெரியாமல் நிற்பவனும் அவன்.

உவமைகளை எண்ணிப் பட்டியல் போடுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். உவமை நின்றுபோகிறது. பிழைக்கும் வழி அறியேன், அறிவுக்கு ஏற்ப உடலை இயக்கும் முறை அறியேன், உணவு தேட அறியேன், காட்டில் போகும் பாதை அறியேன் என்று வெறும் வாக்கியங்களாகப் பேசுகிறான். கடைசியில் ஒரு குறை: என்னைத் தவிக்கவிட்டு நீ மட்டும் தனியாகப் போய்விட்டாயே! நம் வீட்டு ஒப்பாரியில் பாட்டிமார் சொல்லும் அதே குறைதான் இது. துயரம் முற்றும்போது அலங்காரம் உதிர்ந்து, அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வேன் என்ற பேச்சுக்கு மனிதன் வந்துவிடுகிறான். தாயை இழந்த வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். காப்பியக் கவிஞருக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. கருணையன் அழுது முடித்த இடத்தில்தான், அறங்களை எல்லாம் கோத்து, தவத்தையே மாலையாக அணிந்த மார்பன் என்று கவிஞர் அவனைப் புகழ்கிறார். இந்த அடைமொழியை வேறு எங்கும் வைத்திருக்கலாம். அழுகையை ஒட்டி வைத்ததால் அதற்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது. தவம் குறைந்ததால் அவன் அழவில்லை. தவத்தில் சிறந்தவன்தான் அழுகிறான். நம்பிக்கையும் கண்ணீரும் ஒரே மார்பில் இருக்கின்றன. 'கருணையன் நல்லவன். ஆனாலும் அழுதான்' என்று என் மாணவன் எழுதியது இதைத்தான்.

அவன் புலம்பலுக்கு யார் பதில் சொல்கிறார்கள்? இந்தப் பகுதியில் யாரும் வந்து தத்துவம் பேசவில்லை. பல இசைக்கருவிகள் ஒலித்தது போல, மரந்தோறும் சுனைதோறும் மலர்களும் பறவைகளும் வண்டுகளும் அழுவன போல ஒலி எழுப்புகின்றன. இயல்பாக எழும் ஒலியின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வதால் இது தற்குறிப்பேற்ற அணி. தேர்வுக்கு அணியின் பெயர் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அணி இங்கே ஒரு வேலை செய்கிறது. துன்பப்படுகிறவனுக்குக் காடு விளக்கம் சொல்லவில்லை, அவனோடு சேர்ந்து அழுகிறது.

'சோதனை' என்ற விடை எங்கிருந்து வருகிறது?

நம் மாணவர்கள் எழுதும் விடைக்கு இரண்டு ஊற்றுகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று திருக்குறள். துன்பம் வரும்போது சிரிக்கச் சொல்லும் 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. மாணவர்களுக்கு நன்கு மனப்பாடமான அதிகாரம் என்பதால், துன்பம் என்ற சொல்லைக் கண்டதும் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரம் பொருட்பாலில் அரசியல் இயலில், ஆள்வினையுடைமைக்கு அடுத்து வருகிறது. எடுத்த காரியத்தில் தடை வரும்போது தளராதே என்பது அதன் சூழல். தாயைப் புதைத்துவிட்டு நிற்கும் மகனிடம் சொல்வதற்காக வள்ளுவர் அதைப் பாடினார் என்று கொள்ளத் தேவையில்லை.

மற்றொன்று, கிறித்துவ மரபிலேயே உள்ள பேச்சு. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். துன்பம் பொறுமையை வளர்க்கும் என்று பவுல் எழுதியிருக்கிறார். யோபுவின் பொறுமையை யாக்கோபு தம் மடலில் புகழ்கிறார். ஆகவே 'சோதனை', 'பொறுமை' என்பவை கிறித்துவத்துக்கு அந்நியமான சொற்கள் அல்ல. கேள்வி என்னவென்றால், அந்தச் சொற்களை யார், யாரிடம், எப்போது சொல்வது என்பதே.

இதற்கு விடை யோபு நூலிலேயே இருக்கிறது. யோபு நல்லவன். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் ஒருசேர இழக்கிறான். விண்ணுலகில் நடந்த ஒரு பேச்சின் விளைவாக நல்லவன் ஒருவன் துன்புறுகிறான் என்ற அளவில், அரிச்சந்திரன் கதையை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். யோபுவின் நண்பர்கள் மூவர் வருகிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை எல்லாம் சரி. யோபு வாய் திறந்து, தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதன்பிறகுதான் நண்பர்கள் விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், கடவுள் உன்னைத் திருத்துகிறார், பணிந்து போ என்று மாறி மாறிப் பேசுகிறார்கள்.

நூலின் முடிவில் கடவுள் யார் பக்கம் நிற்கிறார் தெரியுமா? தமக்காக வாதாடிய நண்பர்கள்மேல் சினம் கொள்கிறார். தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார், அதாவது அழுது, கேள்வி கேட்டு, வழக்காடிய யோபு. 42 அதிகாரமும் படித்த பிறகும் துன்பத்துக்கான காரணம் யோபுவிடம் சொல்லப்படுவதில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் நடந்த பேச்சு வாசகருக்குத் தெரியும், யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. 'பொறுமைசாலி யோபு' என்று மட்டும் சொல்பவர்கள் நடுவிலுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களைத் தாண்டிப் போகிறார்கள்.

புதிய ஏற்பாட்டிலும் இதே போக்கைக் காணலாம். பிறவியிலேயே பார்வை இழந்த ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுக்கிறார். நண்பன் இலாசரின் கல்லறைக்கு முன் அவரே அழுகிறார், அதுவும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர். சிலுவையில் தொங்கும்போது, ஏன் கைவிட்டீர் என்று ஒரு பழைய சங்கீதத்தின் சொற்களில் இறைவனைக் கேட்கிறார். ஆகவே கேள்வி கேட்பதும் அழுவதும் நம்பிக்கைக் குறைவு என்று கிறித்துவ மூலநூல் கருதவில்லை. வீரமாமுனிவரின் கருணையன் இந்த மரபில் நிற்கிறான். அதே நேரம் நம் கையறுநிலைத் துறையிலும் நிற்கிறான். பறம்பை இழந்து பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டை நாம் 'சோதனை' என்றா விளக்குகிறோம்?

இரண்டு கயிறுகள்

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். 'கருணையன் அழுதான், சரி. இயேசு மௌனமாகத்தானே நின்றார்? அப்படியானால் பொறுமைதானே கிறித்துவம்?' என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு இரட்சணிய யாத்திரிகம் உதவும்.

குமார பருவத்தின் இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவைப் பிடித்துக் கட்டும் காட்சி வருகிறது. கொடியவர்கள் கயிற்றால் கட்டுகிறார்கள். அவர் எதிர்க்காமல் உடன்பட்டு நிற்கிறார். ஏன்? கிருஷ்ண பிள்ளை சொல்லும் காரணம் வலிமையின்மை அன்று, விதியும் அன்று. இந்த மனிதர்களுக்குத் தம் உயிரைக் கொடுத்து மீட்க வேண்டும் என்ற அன்பு ஒரு கயிறாக அவரை ஏற்கெனவே கட்டியிருக்கிறது. அந்தக் கட்டிலிருந்து விடுபட முடியாததால்தான் இந்தக் கட்டுக்கு உடன்படுகிறார். கண்ணுக்குத் தெரியும் கயிறு ஒன்று, தெரியாத கயிறு ஒன்று. தெரியாததுதான் வலியது.

தமிழில் 'பாசம்' என்ற சொல்லுக்குக் கயிறு என்றும் அன்பு என்றும் பொருள் உண்டு. சைவ சித்தாந்தத்தில் உயிரைக் கட்டுவது பாசம். இங்கே இறைமகனையே அன்பு கட்டுகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் என்பதால் எனக்கு இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. வெண்ணெய் திருடிய கண்ணனை யசோதை சிறு தாம்பால் கட்ட, உலகளந்தவன் கட்டுப்பட்டு நின்ற காட்சி. மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பு பெயர் பெற்றதே அந்தத் தாம்பால்தான். கிருஷ்ண பிள்ளை அதை மனத்தில் வைத்துத்தான் பாடினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அன்புக்குக் கட்டுப்படும் கடவுள் என்ற எண்ணம் தமிழ் வாசகனுக்குப் புதிதில்லை என்பதால், இந்தக் கிறித்துவக் காட்சி தமிழில் இயல்பாகப் பொருந்திவிடுகிறது. கண்ணனைக் கட்டியவள் அன்பான தாய். இயேசுவைக் கட்டியவர்கள் பகைவர்கள். அந்த வேறுபாட்டில்தான் கிறித்துவத்தின் தனித்தன்மை தெரிகிறது.

ஆக, இந்த மௌனம் தேர்ந்தெடுத்த மௌனம். தப்பிக்க வலிமை உள்ள ஒருவர், பிறர்பொருட்டு, தாமாக ஏற்ற துன்பம். இதை எடுத்துப் போய், வேறு வழியே இல்லாமல் துன்பப்படுகிற ஒருவரிடம், 'இயேசு பொறுத்தார், நீயும் பொறுத்துக்கொள்' என்று சொன்னால் கணக்கு இடிக்கும். அடி வாங்கும் மனைவியிடமும், கூலி ஏமாற்றப்பட்ட தொழிலாளியிடமும், வகுப்பில் கேலி செய்யப்படும் பிள்ளையிடமும் இந்த அறிவுரை எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கிறது! விசாரணையின்போது காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, ஏன் அடிக்கிறாய் என்று இயேசுவே திருப்பிக் கேட்டதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. அவர் மௌனத்தை எல்லாருக்குமான சட்டமாக்க அவருடைய வரலாறே இடம் கொடுக்கவில்லை.

காப்பியமும் இடம் கொடுக்கவில்லை. அதே காட்சியில் இன்னொரு குரல் கேட்கிறது. கொடியவர்களின் பேச்சைக் கேட்டும் நிலம் வெடித்துப் பிளக்கவில்லையே, வானம் இடிந்து விழவில்லையே, கடல் வற்றவில்லையே, இந்த உலகம் இன்னும் அழியாமல் ஏன் தாமதிக்கிறது என்று ஆற்றாமையோடு எழும் குரல் அது. கவிஞர் அந்தக் குரலை அடக்கவில்லை. 'எல்லாம் தேவ சித்தம், சும்மா இருங்கள்' என்று அதற்குப் பதில் எழுதவும் இல்லை. துன்பத்தை ஏற்றவர் மௌனமாக இருக்கிறார், அதைக் கண்டு பொறுக்காத குரல் கூவுகிறது. இரண்டையும் அருகருகே வைப்பதுதான் அந்தக் காட்சியின் பலம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இரண்டு பகுதிகளையும் ஒப்பிட்டால், வாசகர் நெஞ்சில் உடனே தைப்பது தேம்பாவணிதான். கிருஷ்ண பிள்ளையின் காட்சியில் நமக்குப் பொருள் முதலில் எட்டுகிறது, வலி அதன்பிறகுதான் எட்டுகிறது. அன்புக்கயிறு அழகான உருவகம். ஆனால் அது காரணத்தைச் சொல்லிவிடுவதால், கட்டப்பட்ட கை எப்படி வலித்திருக்கும் என்று நினைக்க நேரம் கிடைப்பதில்லை. மீட்பைச் சொல்ல வந்த காப்பியத்துக்கு அது தேவையாகவும் இருக்கலாம். மாணவர்கள் இதை மறுத்து எழுதலாம். சான்று காட்டி மறுத்தால் முழுப் புள்ளி கொடுக்க வேண்டும்.

தேர்வு விடையில் எப்படி எழுதலாம்?

பழைய அச்சில் ஒரு விடை: 'துன்பம் இறைவனின் சோதனை. பொறுமையோடு ஏற்க வேண்டும் என்று கவிஞர் உணர்த்துகிறார்.'

பாடலை ஒட்டிய ஒரு விடை: 'தவத்தில் சிறந்த கருணையனும் தாயின் பிரிவால் கலங்கிப் புலம்புகிறான். துயரப்படுவது நம்பிக்கைக்கு எதிரானதன்று என்பதை இது காட்டுகிறது. உவமைகளால் தொடங்கும் அவன் புலம்பல், பிழைக்கும் வழி அறியேன் என்ற எளிய சொற்களில் வந்து நிற்பது துயரத்தின் ஆழத்தைப் புலப்படுத்துகிறது. மலர்களும் பறவைகளும் வண்டுகளும் உடன் அழுவதாகத் தற்குறிப்பேற்றிக் கூறுவதன்மூலம், துன்புறுவோரின் துயரில் பங்குகொள்வதே தக்க ஆறுதல் என்று கவிஞர் உணர்த்துகிறார்.'

இரண்டாவது விடையில் பாடல் இருக்கிறது. முதல் விடையை எழுதப் பாடலைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தப் பாடலுக்கும் கருத்து எழுதும்போது இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: பாடலைப் படிக்காத ஒருவரும் இந்த விடையை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் விடையை மாற்றுங்கள்.

வகுப்பில் கலந்துரையாட உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகள் சில:

1. கருணையனின் புலம்பலில் உவமைகள் நின்று எளிய வாக்கியங்கள் தொடங்கும் இடம் எது? அந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது?

2. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள்களில் செய்ததையும், பிறகு செய்ததையும் ஒப்பிடுக. எது ஆறுதல்?

3. இரட்சணிய யாத்திரிகத்தில் இயேசுவின் மௌனமும், கண்டு பொறுக்காதோர் குரலும் ஒன்றுக்கொன்று முரணா, துணையா?

4. கருணையனின் புலம்பலைப் பாரி மகளிரின் கையறுநிலைப் பாடலோடு ஒப்பிட்டு ஒற்றுமை இரண்டும் வேற்றுமை இரண்டும் காட்டுக.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். துன்பம், மரணம், பிரிவு பற்றிய பாடலை நடத்துவதற்கு முன் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பாடலைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தவிர்த்தால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கிடைக்காமல் போய்விடலாம். ஆனால் 'பொறுமை' என்பது துன்பப்படுகிறவர் தம் வாயால் தமக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்ற சொல். அதை மற்றவர் அவர் காதில் ஓதுவது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை.

அந்த மாணவனின் தாளை மறுபடி வாங்கி, ஒன்றை அடித்துவிட்டு நான்கு போட்டேன். "மொழி மட்டும் கொஞ்சம் திருத்தணும்பா, கருத்து சரிதான். முதல்ல டீச்சர்தான் சரியா படிக்கல" என்றேன். "பரவால்ல டீச்சர்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம், அந்தப் பாட்டோட மீதிப் பகுதி எங்கே கிடைக்கும் என்று கேட்டு வந்தான். நூலகப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.